நல்லாருக்கு டீச்சர்

தைப்பூசம் முடிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குச் சின்னத் தீபாவளி மாதிரி. கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடி. காலை ஒன்பது மணி. பதினான்கு பதினைந்து பேர் கூடுவோம். ஆளுக்கு ஐந்து படம் வரை கொண்டு வரலாம். எல்லாம் காகிதத்தில் இருக்க வேண்டும், பெரும்பாலும் 8ஆர் அளவில். இது ஒன்றுதான் எங்கள் சட்டம். கைப்பேசியை நீட்டி "இதப் பாருங்க" என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

இதில் யாருக்கும் இன்றைக்குப் புகைப்படம் தொழில் இல்லை. ஒருவர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார், அவர் எங்களுக்குப் பஸ் அண்ணன். இரண்டு பேர் தொழிற்சாலை சூப்பர்வைசர்கள். ஒருவர் கிளினிக்கில் வேலை. ஒருவர் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. முப்பது வருடம் ஸ்டூடியோ நடத்தி, மூடிவிட்டு, சும்மா வந்து உட்காரும் ஒரு பெரியவரும் உண்டு. ஸ்டூடியோ ஐயா. நான் சிவில் எஞ்சினியர். உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு, ஆறு வருடமாக சைட்டில் வெயில் காய்கிறவன்.

2025இல் தைப்பூசம் பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை. 16ஆம் தேதி கூடினோம். மேசையில் மொத்தம் அறுபத்து மூன்று படங்கள். நான்தான் எண்ணினேன். கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்னால் கம்பி எண்ணிப் பழகிய புத்தி. பதினெட்டு படங்களில் கன்னத்தில் வேல் குத்திய ஒரு முகம், கண் சொருகியிருக்கிறது, பின்னணி மங்கல். ஒன்பதில் பத்துமலையின் 272 படிகள், கீழே நின்று மேலே பார்த்து எடுத்தது. ஏழில் 42.7 மீட்டர் முருகன் சிலையும் அதற்கு முன்னால் மயிலிறகும். ஐந்தில் மொட்டை போட்ட குழந்தை அழுகிறது. நடுவில் ஒரு கூத்து நடந்தது. படங்கள் கைமாறிக் கலந்துவிட்டன. பஸ் அண்ணன் ஒரு வேல் முகத்தை எடுத்து, "இது காலையில அஞ்சே கால் மணிக்கு ஆத்தோரம் எடுத்தது" என்று விளக்கம் சொல்ல ஆரம்பித்தார். பாதியில் கிளினிக்காரர், "அண்ணே, அது என் படம்ணே" என்றார். எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். வீட்டுக்குக் காடி ஓட்டிக்கொண்டு போகும்போதுதான் சிரிப்பு நின்றது.

அன்று விடிகாலை சுங்கை பத்து ஆற்றோரம் நானும் நின்றிருந்தேன். ஒருவருக்கு அலகு குத்தும்போது சுற்றிலும் எட்டு லென்ஸ். குத்துகிறவர் கை அசைக்க இடமில்லாமல், "கொஞ்சம் தள்ளுங்கப்பா" என்று கெஞ்சினார். எட்டில் ஒன்று என்னுடையது. எனக்கு முதுகுப்பக்கம் ஒரு அப்பா நின்றார். ஒரு தோளில் துண்டு, கையில் மகனுடைய சிலிப்பர், இன்னொரு கையில் எலுமிச்சம்பழம் இருந்த பிளாஸ்டிக் பை. மகன் காவடியோடு ஆட ஆரம்பித்ததும் அந்த சிலிப்பரை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினார். அதைப் பார்த்தேன். எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்று இப்போது யோசித்தால் பதில் கொஞ்சம் கேவலமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மேசையில் அதற்கு 'சூப்பர்' கிடைக்காது என்று என் விரலுக்குத் தெரிந்திருந்தது.

இந்தக் கட்டுரை அந்த 'சூப்பர்' பற்றித்தான்.

எங்கள் பாராட்டுச் சொற்கள் மொத்தமே ஏழெட்டு. சூப்பர். செம. டோன் நல்லாருக்கு. நல்ல ஷார்ப். லைட்ட சரியா பிடிச்சிட்டீங்க. ஃபிரேம் போட்டு மாட்டலாம். இருப்பதிலேயே உயர்ந்த விருது, "எந்த லென்ஸ்?" என்ற கேள்வி. இதைக் கேட்டுவிட்டால் எடுத்தவர் முகத்தில் பல்பு எரியும். கவனித்துப் பார்த்தால் இதில் ஒன்றுகூட படத்தில் இருக்கும் ஆளைப் பற்றியது இல்லை. யார் அது, எங்கே போகிறார், கையில் என்ன வைத்திருக்கிறார் என்று எந்தச் சொல்லும் கேட்பதில்லை. முகம் எங்களுக்கு டோன். தோலின் சுருக்கம் ஷார்ப்.

ஆனால் பாராட்டே போலி என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனசு வராது. 2019இல் 1,400 வெள்ளிக்கு ஒரு பழைய கேமரா வாங்கினேன். அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்தக் காசுக்கு காடிக்கு நாலு டயரும் மாத்தியிருக்கலாம்" என்றார். அதோடு சரி, வீட்டில் யாரும் என் படங்களைப் பார்க்கவில்லை. முதல் தடவை இந்த மாடிக்கு வந்தபோது போர்ட் கிள்ளான் படகுத்துறையில் ஒருவர் வலை பின்னுகிற படத்தைக் காட்டினேன். இப்போது பார்த்தால் சுமாரிலும் சுமார். பஸ் அண்ணன் அதைக் கையில் எடுத்து, "தம்பிக்குக் கண்ணு இருக்கு" என்றார். மூன்றே சொல். அன்று இரவு நான் சரியாகத் தூங்கவில்லை. மறுநாள் சைட்டில் சப்-கண்டிராக்டர் கத்தியது கூட காதில் விழவில்லை. அந்தச் சொல் இல்லாவிட்டால் கேமராவை ஆறு மாதத்தில் விற்றிருப்பேன்.

சிகாகோவில் பிள்ளை பார்க்கும் வேலை செய்த விவியன் மேயரை இந்த இடத்தில் உதாரணம் காட்டுவார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களை எடுத்து, அநேகமாக யாருக்கும் காட்டாமல், 2009இல் இறந்துபோனவர். பார், பாராட்டு இல்லாமலேயே ஒரு கலைஞர் உருவாகவில்லையா என்பார்கள். எனக்கு அந்த வாதம் பிடிப்பதில்லை. எங்கள் மேசையில் இருப்பவர்கள் பெரும்பாலும் தோட்டத்தில் பிறந்தவர்கள், அல்லது தோட்டத்தில் பிறந்தவர்களின் பிள்ளைகள். என் பாட்டியின் படம் என்று எங்கள் வீட்டுச் சுவரில் தொங்குவது அவருடைய அடையாள அட்டைப் படம்தான். அதையே பெரிதாக்கி மாலை போட்டிருக்கிறோம். வேறு படம் கிடையாது. படம் பிடிப்பது எங்கள் வீடுகளில் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் காசு கொடுத்துச் செய்கிற காரியம். அப்படி ஒரு வீட்டிலிருந்து ஒருவர் தன் சம்பளத்தில் கேமரா வாங்கி, ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலு பேர் முன்னால் படத்தை நீட்டுகிறார் என்றால், அந்தக் கை நடுங்கும். அந்த நடுக்கத்துக்கு ஒரு 'நல்லாருக்கு' தேவை.

சிக்கல் அதற்குப் பிறகு வருகிறது. பத்தாவது 'நல்லாருக்கு', நூறாவது 'நல்லாருக்கு' எதைப் பார்த்து வருகிறது? ஏற்கெனவே நல்லாருக்கு என்று சொல்லப்பட்ட படத்தைப் போல இது இருக்கிறதா என்று பார்த்து வருகிறது.

இந்த ரசனையை நாங்களாகக் கண்டுபிடிக்கவும் இல்லை. சட்டத்தை மூன்றாகப் பிரித்து, கோட்டின் மேல் ஆளை நிறுத்து என்று எங்களுக்குள் சொல்லிக்கொள்கிறோமே, அந்த விதியை அந்தப் பெயரிலேயே 1797இல் ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஓவியர் நிலக்காட்சி ஓவியத்துக்காக எழுதிவைத்தார். கேமரா வருவதற்கு முன்னால். பிறகு கேமரா கிளப்புகள் அதை எடுத்துக்கொண்டன. 1950இல் பெர்ன் நகரில் தொடங்கிய ஃபியாப் அமைப்பின் கீழ் இன்றைக்கும் உலகம் முழுக்க சலோன் போட்டிகள் நடக்கின்றன. ஒவ்வொரு படத்தையும் நடுவர்கள் சில நொடிகள் பார்த்துப் புள்ளி போடுவார்கள். தேர்வான படங்களின் எண்ணிக்கை சேரச் சேரப் பெயருக்குப் பின்னால் பட்டம் போட்டுக்கொள்ளலாம். சில நொடிகளில் ஒரு கண்ணைப் பிடித்து நிறுத்த வேண்டுமென்றால் படம் என்ன செய்யும்? சத்தம் போடும். நம் வட்டாரத்தில் அந்த மரபு நல்ல படங்களையே தரவில்லை என்று சொன்னால் பொய். சிங்கப்பூரின் யிப் சியோங் ஃபன் 1957இல் எடுத்த, விடியலில் படகோட்டும் படத்தை எப்போது பார்த்தாலும் எனக்கு மூச்சு ஒரு கணம் நிற்கும். ஆனால் அவர் நின்ற விடியலில் அவர் நின்றார். அதே வெளிச்சத்தைத் தேடி நாங்கள் கோலசிலாங்கூர், செகிஞ்சான் என்று ஞாயிறுதோறும் காடி எடுத்துக்கொண்டு அலைகிறோம். அவருக்குக் கிடைத்தது காட்சி, எங்களுக்குக் கிடைப்பது அந்தக் காட்சியின் ஜெராக்ஸ்.

எங்கள் மேசையில் இரண்டு வகை ஆட்கள். பாராட்டுகிறவர்கள், திருத்துகிறவர்கள். நான் இரண்டாவது வகை. அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் இருந்தது. எல்லாரும் சும்மா சூப்பர் சூப்பர் என்கிறார்கள், நான் மட்டும்தான் உருப்படியாக ஏதோ சொல்கிறேன் என்ற நினைப்பு. இடதுபக்கம் கொஞ்சம் வெட்டணும். தலைக்குப் பின்னால கம்பம் முளைக்குது. கோடு நேரா இல்ல. இந்த மாதிரி. விமர்சனம் என்றால் இதுதான் என்று நம்பியிருந்தேன்.

2022 ஆகஸ்டில் டீச்சர் ஐந்து படங்கள் கொண்டுவந்தார். அவர் எங்களோடு சேர்ந்து நாலைந்து மாதம்தான் ஆகியிருந்தது. கோல லங்காட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்துக்குள் இருந்த தமிழ்ப்பள்ளியில் அப்போது வேலை. பள்ளியைப் பட்டணத்துப் பக்கம் மாற்றப்போவதாகப் பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. தோட்டத்தில் ஆள் இல்லை, பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், புதுக் கட்டடம் வரப்போகிறது. பல பள்ளிகளுக்கு நடந்த கதைதான்.

படங்கள் இவை. ஒரு கரும்பலகை, பாதி அழிக்கப்பட்டது. சபைக்கூடல் நடக்கும் திடல், காலி, கொடிக்கம்பத்தின் நிழல் மட்டும். கேண்டீன் அக்கா முதுகைக் காட்டிக்கொண்டு மீ கோரெங் கிளறுகிறார். ஒரு கதவு. ஐந்தாவது, பாலர் பள்ளி வகுப்புக்கு வெளியே வராந்தா. சுவரோரம் பன்னிரண்டு ஜோடி சின்ன வெள்ளைக் காலணிகள், மேலே உத்தரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட ஒரு பூந்தொட்டி, வராந்தா நீளமாகப் போய் ஒரு செம்பனை மரத்தில் முடிகிறது.

மேசை கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. எப்படிப் பாராட்டுவது என்று தெரியாத அமைதி. பிறகு பஸ் அண்ணன், "நல்லாருக்கு டீச்சர்" என்றார். ஒரு சூப்பர்வைசர் தம்பி, "பிளாக் அண்ட் ஒயிட்ல போட்டா இன்னும் தூக்கும்" என்றான். நான் வராந்தாப் படத்தைக் கையில் எடுத்தேன். தரை வலதுபக்கமாகச் சரிந்திருந்தது. "டீச்சர், கேமராவ நேரா பிடிக்கணும். ரெண்டு டிகிரி சாஞ்சிருக்கு" என்றேன். மடிக்கணினியைத் திறந்து, அவரிடம் கோப்பை வாங்கி, அங்கேயே இரண்டு டிகிரி திருப்பி, ஓரங்களை வெட்டி, தரையைக் கிடைமட்டமாக்கிக் காட்டினேன். "பாருங்க, இப்ப எப்படி இருக்கு!" எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். டீச்சரும் தலையாட்டினார்.

அப்போது ஸ்டூடியோ ஐயா மட்டும் அசல் படத்தைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏம்மா, மழை பேஞ்சா இந்த வராந்தாவுல தண்ணி எந்தப் பக்கம் ஓடும்?" என்றார்.

"காண் பக்கம்தான் ஐயா. பிள்ளைங்க கோலிய வச்சி விட்டா அதுவா உருண்டு போயி காண்ல விழும். அதுவே அவங்களுக்கு ஒரு வெளாட்டு."

"ஓ" என்றார். நாங்கள் அடுத்தவர் படத்துக்குப் போய்விட்டோம்.

ஐயாவின் வழக்கமே இதுதான். நல்லாருக்கு என்றும் சொல்ல மாட்டார், நல்லா இல்லை என்றும் சொல்ல மாட்டார். கேட்பார். "இதுக்கு முன்னாடி எடுத்த படம் எங்க?" என்பது அவருடைய பிடித்தமான கேள்வி. நெகட்டிவ் காலத்து ஆள். முழுச் சுருளையும் ஒரே தாளில் வரிசையாக அச்சடித்து, காண்டாக்ட் ஷீட் என்பார்கள், அதில் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டுத் தேர்ந்தெடுத்துப் பழகியவர். ஒரு படத்தை மட்டும் காட்டினால் அவருக்குத் திருப்தி வராது. அதற்கு முன் எங்கே நின்றாய், பின்னால் எங்கே போனாய், ஏன் இதோடு நிறுத்தினாய். எங்களுக்கு இது எரிச்சல். வந்தமா, ரெண்டு நல்ல வார்த்தை கேட்டமா, தே தாரேக் குடிச்சமா என்று இருப்பவர்களிடம் முன்னாடி எங்கே, பின்னாடி எங்கே என்றால்? ஐயா பழைய ஆளு, அவருக்கு டிஜிட்டல் புரியாது என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம்.

டீச்சர் அதற்குப் பிறகு பள்ளிப் படங்களைக் கொண்டுவரவில்லை. யாரும் ஏன் என்று கேட்கவும் இல்லை. அடுத்த கூட்டத்துக்கு செகிஞ்சான் வயல் கொண்டுவந்தார், பச்சைப் பசேல் என்று, ஒரு ஒற்றை மரத்தோடு. மேசை கைதட்டியது. அதற்கடுத்து தஞ்சோங் செப்பாட்டில் சூரியன் மறைவது. பிறகு கோலசிலாங்கூர் மணல்திட்டில் தண்ணீர் கண்ணாடியாகி வானத்தைக் காட்டுகிற இடம், எல்லாரும் குதித்துப் படம் எடுத்துக்கொள்கிற இடம். "டீச்சர் எங்கயோ போயிட்டாங்க" என்றார் பஸ் அண்ணன், பெருமையாக. நான்கூட ஒரு தடவை, "எந்த லென்ஸ் டீச்சர்?" என்று கேட்டேன். அவர் முகத்தில் பல்பு எரிந்தது.

2023 கடைசியில் பள்ளி மாறிவிட்டது. பழைய கட்டடத்தைப் பிறகு இடித்துவிட்டார்கள்.

இனி என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சைட்டில் நான் தினமும் முப்பது நாற்பது படங்கள் எடுக்கிறேன். பீம், ஸ்லாப், வெடிப்பு, தேங்கிய தண்ணீர். வெடிப்பைப் படம் எடுத்தால் பக்கத்தில் அளவுகோல் வைக்க வேண்டும். தேதி வேண்டும், எந்தத் தூண், எந்த மாடி என்று எழுத வேண்டும். கான்கிரீட்டில் 0.3 மில்லிமீட்டர் வரை பெரும்பாலும் பொறுத்துக்கொள்வோம். அதைத் தாண்டினால் கேள்வி வரும். அந்தப் படங்களைப் பார்த்து இதுவரை யாரும் 'சூப்பர்' என்று சொன்னதில்லை. "இது எங்க? நேத்து இருந்துச்சா? பின்பக்கம் பாத்தியா? எந்தப் பக்கம் எறங்குது?" என்றுதான் கேட்பார்கள். அந்தப் படங்களுக்காக எத்தனை பேர் எவ்வளவு நேரம் குனிந்து பார்த்திருக்கிறார்கள்! எங்கள் ஞாயிற்றுக்கிழமை மேசையில் எந்தப் படமும் அவ்வளவு மரியாதையாகப் பார்க்கப்பட்டதில்லை.

ஸ்டூடியோ ஐயாவின் கேள்வி சைட்டில் கேட்கிற கேள்விதான் என்று எனக்கு உறைக்க இரண்டரை வருடம் ஆனது.

தைப்பூசக் கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்த அன்று ராத்திரி, அந்த பதினெட்டு முகங்கள் மண்டையில் ஓடிக்கொண்டிருந்தன. பழைய மடிக்கணினியை நோண்டினேன். டீச்சரின் வராந்தா அதில் இருந்தது. அசலும், நான் நேராக்கியதும்.

நேராக்கிய படத்தில் பூந்தொட்டி சாய்ந்து தொங்குகிறது.

கயிறு கட்டித் தொங்கும் பொருள் சாயாது. கொத்தனார் சுவர் எழுப்பும்போது தூக்குக்குண்டு விட்டுப் பார்ப்பது அதற்காகத்தான். அசல் படத்தைத் திறந்தேன். கயிறு படத்தின் ஓரத்துக்கு ஒட்டினாற்போல் செங்குத்தாக இருந்தது. வகுப்பறைச் சுவரின் மூலையும் செங்குத்து. டீச்சர் கேமராவைத் துல்லியமாகத்தான் பிடித்திருக்கிறார். சாய்ந்திருந்தது வராந்தா.

இதை நான் பார்த்த உடனே சொல்லியிருக்க வேண்டும், அதுதான் என் சோறு. கிள்ளான், கோல லங்காட் கரையோரம் முழுக்க மென்மையான கடல் களிமண். இங்கே பழைய சின்னக் கட்டடங்களைப் பக்காவ் மரத்தூண்கள் மேல் நிறுத்தியிருப்பார்கள், வராந்தாத் தரையை வெறும் மண்ணை நிரப்பி அதன் மேல் ஊற்றிவிடுவார்கள். கட்டடம் நிற்கும், வராந்தா வருடத்துக்குக் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே போகும். தண்ணீர் வடிவதற்காக வைக்கிற சரிவு நூற்றுக்கு ஒன்று இருந்தால் போதும். இரண்டு டிகிரி என்பது ஏறக்குறைய முப்பதுக்கு ஒன்று. இரண்டு மீட்டர் அகல வராந்தாவில் ஏழு சென்டிமீட்டர் இறக்கம். படத்தைப் பெரிதாக்கினால் சுவருக்கும் தரைக்கும் நடுவில் ஒரு கறுப்புக் கோடு தெரிகிறது. நிழல் என்று நினைத்திருந்தேன். இடைவெளி. அந்த இடைவெளியை மறைத்துத்தான் பன்னிரண்டு ஜோடி காலணிகளை அடுக்கியிருக்கிறார்கள், அல்லது எந்தக் காலணியும் அதற்குள் விழுந்துவிடாதபடி குறுக்கே வைத்திருக்கிறார்கள். காலணிகளின் முனைகள் எல்லாம் சுவரைப் பார்த்து இல்லை, பக்கவாட்டில் இருக்கின்றன. ஒரு ஆசிரியை பிள்ளைகளுக்கு அப்படி வைக்கச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

ஒரு பள்ளி எத்தனை வருடமாகக் கவனிக்கப்படாமல் கிடந்தது என்பதை அந்த ஒரு படம் சொல்லிக்கொண்டிருந்தது. நான் அதை நேராக்கினேன். எல்லாரும் ஆமாம் என்றார்கள்.

பாராட்டும் திருத்தமும் எதிரெதிர் என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது எனக்கு அப்படித் தோன்றவில்லை. சூப்பர் என்று சொல்கிறவரும் கோடு சாய்ந்திருக்கிறது என்று சொல்கிறவரும் தங்கள் மண்டையில் இருக்கிற இன்னொரு படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் அதோடு பொருந்துகிறது என்கிறார், இன்னொருவர் பொருந்தவில்லை என்கிறார். கையில் இருக்கும் படத்தை அன்றைக்குப் பார்த்தவர் ஒருவர்தான்.

பினாங்கின் இஸ்மாயில் ஹாஷிமை, 1940இல் பிறந்து 2013இல் மறைந்தவர், சமீபத்தில்தான் தேடித் தேடிப் பார்க்க ஆரம்பித்தேன். முடிதிருத்தகங்கள், தபால் பெட்டிகள், சைக்கிள் சீட்டுகள். கறுப்பு வெள்ளையில் எடுத்து, அச்சின் மேல் கையால் மெல்லிசாக வண்ணம் தீட்டியவை. சைக்கிள் சீட்டை ஒவ்வொன்றாக எங்கள் மேசைக்குக் கொண்டுவந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். முதல் சீட்டுக்கு "நல்லாருக்கு", இரண்டாவதுக்கு "பின்னணிய மங்கலாக்கலாமே", மூன்றாவதைக் கொண்டுவந்திருக்கவே மாட்டார். வரிசையாக வைத்துப் பார்க்கும்போதுதான் அது வேறு ஒன்றாகிறது. கிழிந்த சீட்டுக்குப் பிளாஸ்டிக் பை மாட்டியவர், துணி சுற்றியவர் என்று உட்கார்ந்து எழுந்து போன மனிதர்களை யோசிக்க வைக்கிறது. இப்படி ஒரு வேலையைப் பாதியிலேயே கைவிடவைக்க யாரும் திட்ட வேண்டியதில்லை. வேறொரு படத்துக்கு அதிகமாகக் கைதட்டினால் போதும்.

டீச்சருக்குப் போன் செய்தேன். பள்ளிப் படங்கள் இருக்கிறதா என்று கேட்டேன். "எதுக்கு தம்பி அது? அப்ப எனக்கு ஒண்ணும் தெரியாது, எல்லாம் கோணல்மாணலா எடுத்து வச்சிருப்பேன்" என்றார். பூந்தொட்டிக் கயிற்றைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அந்தத் தரை எப்பவும் அப்படித்தான் தம்பி. நீங்க எஞ்சினியரு சொன்னீங்க, சரி நாமதான் கேமராவ சரியா பிடிக்கலனு நெனச்சிட்டேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

நூற்றுக்கணக்கில் எடுக்க நினைத்திருந்தாராம். கடைசி நாள் வரைக்கும், ஒவ்வொரு வகுப்பையும். அந்த ஆகஸ்டுக்குப் பிறகு கேமராவைப் பள்ளிக்குக் கொண்டுபோவதை விட்டுவிட்டார். இருப்பது நாற்பத்தொரு படங்கள். இடிப்பதற்கு முன்னால் யாராவது எடுத்தார்களா என்று கேட்டேன். பிரியாவிடையில் பிரமுகர்களோடு நின்று எடுத்தது இருக்கிறது என்றார்.

மார்ச் மாதக் கூட்டத்துக்குப் பதினொரு படங்கள் கொண்டுவந்தார். ஐந்துதான் கொண்டுவரலாம் என்ற சட்டத்தை அன்றைக்கு யாரும் ஞாபகப்படுத்தவில்லை. ஸ்டூடியோ ஐயா இல்லை. மகள் வீட்டோடு சிரம்பானுக்குப் போய்விட்டார், முட்டிவலி, அவ்வளவு தூரம் வர முடிவதில்லை. படங்கள் சுற்றி வந்தன. அதே அமைதி. பஸ் அண்ணன் வழக்கம்போல, "நல்லாருக்கு டீச்சர்" என்றார். அவருக்கு அதைத் தவிர வேறு சொல் தெரியாது, அதில் கள்ளமும் கிடையாது.

என் முறை வந்தது. கையில் இருந்தது கதவுப் படம். 2022இல் நான் இரண்டு நொடிகூடப் பார்க்காதது. நீலச் சாயம் அடித்த கதவு, நிலையில் கீழிருந்து மேலாகப் பென்சில் கோடுகள், ஒவ்வொரு கோட்டுக்குப் பக்கத்திலும் பொடி எழுத்தில் ஏதோ எழுதியிருந்தது. என்ன கேட்பது என்று எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. கேள்வி கேட்டுப் பழக்கம் இல்லை, சொல்லித்தான் பழக்கம்.

"டீச்சர், இது என்ன எழுதியிருக்கு?"

அவர் படத்தை வாங்கி, கண்ணாடியைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டுக்கொண்டு, கிட்டே வைத்துப் பார்த்தார். ஒன்றாம் வகுப்பில் சேரும் அன்றைக்கு ஒவ்வொரு பிள்ளையையும் அந்த நிலையில் நிற்கவைத்து உயரத்தைக் கோடு போடுவார்களாம். ஆறாம் வகுப்பு முடித்துப் போகும்போது மறுபடியும் ஒரு கோடு. முந்தைய தலைமையாசிரியர் ஆரம்பித்த பழக்கம். ஒரு பெயருக்குக் கீழே ஒரு கோடுதான் இருக்கிறது, மேலே இல்லை. அந்தப் பிள்ளை மூன்றாம் வகுப்பிலேயே அப்பா அம்மாவோடு ஜொகூருக்குப் போய்விட்டான். விரலை ஒவ்வொரு கோடாக வைத்து அவர் பெயர்களைச் சொல்ல ஆரம்பித்தார். பஸ் அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்தார். மேலிருந்து மூன்றாவது பெயரில் நிறுத்தி, "இவன் இப்ப என் பஸ்லதான் டீச்சர் வரான், ஃபார்ம் டூ" என்றார்.

"அப்படியா? எவ்ளோ ஒயரம் இருப்பான் இப்ப?"

அண்ணன் எழுந்து நின்று, கையைத் தன் காதுக்கு நேராக வைத்துக் காட்டினார்.